65 விழுக்காடும் போதவில்லை: போலந்து, 1989

1989 ஜூலை 19 அன்று வார்சாவில் போலந்து நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒன்றாகக் கூடிக் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தன. வேட்பாளர் ஒருவர்தான்: 1981 டிசம்பர் 13 அன்று நாட்டில் இராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்த ஜெனரல் வோய்ச்சியெக் யாருசெல்ஸ்கி. ஆதரவு 270, எதிர்ப்பு 233, நடுநிலை 34, செல்லாதவை 7. செல்லும் வாக்குகள் 537 என்பதால் வெற்றிக்கு 269 தேவைப்பட்டது. ஒரே ஒரு வாக்குதான் மிச்சம்.

அந்த 7 செல்லாத வாக்குகளைத் தனியே பார்க்க வேண்டும். அவை எதிர்ப்பு வாக்குகளாக விழுந்திருந்தால் செல்லும் வாக்குகள் 544 ஆகியிருக்கும், தேவையும் 273-க்கு ஏறியிருக்கும், யாருசெல்ஸ்கி தோற்றிருப்பார். சீட்டை வேண்டுமென்றே கெடுத்துப் போட்டவர்கள் எதிரணி உறுப்பினர்கள். பேசி முடித்த ஒப்பந்தம் உடைந்துவிடக் கூடாது என்ற கவலையில், அவருக்கு வாக்களிக்காமலே அவரை ஜெயிக்க வைத்தார்கள்.

கீழவையில் 65 விழுக்காடு இடங்களை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்ட ஆளுங்கட்சி, ஒப்பந்தம் கையெழுத்தாகி 15 வாரத்துக்குள் எதிரணியின் தயவில் நிற்கும் நிலைக்கு எப்படி வந்தது? இந்த ஆய்வின் கேள்வி அதுதான். மக்கள் எழுச்சி, சோவியத் தலைவர் கோர்பச்சேவ், பொருளாதாரச் சரிவு என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் பொய்யல்ல. ஆனால் ஆட்சி ஆட்டம் கண்டது ஏன் என்பதைத்தான் அவை சொல்கின்றன. அது எந்த வழியாக, எந்த வரிசையில் கைமாறியது என்பதற்குத் தேர்தல் சட்டத்தின் பிரிவுகளைத்தான் புரட்ட வேண்டும்.

1987: முதல் தடுக்கல்

பலரும் கதையை 1988 வேலைநிறுத்தங்களில் தொடங்குவார்கள். ஓராண்டு பின்னால் போய்த் தொடங்குவது நல்லது. 1987 நவம்பர் 29 அன்று அரசு ஒரு பொதுவாக்கெடுப்பு நடத்தியது. பொருளாதாரச் சீர்திருத்தத்துக்கு ஒரு கேள்வி, அரசியல் சீர்திருத்தத்துக்கு ஒரு கேள்வி. வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் இரண்டுக்கும் ஆதரவாகவே வாக்களித்தார்கள். அப்படியும் அரசு தோற்றது. வாக்களித்தவர்களில் பாதி போதும் என்று வைக்காமல், வாக்குரிமை உள்ள அனைவரிலும் பாதிப் பேர் ஆதரித்தால்தான் முடிவு செல்லும் என்று அரசே விதி வகுத்திருந்தது. சுமார் 67 விழுக்காட்டினர் வந்து வாக்களித்தார்கள். ஆதரவு, வாக்குரிமை உள்ளவர்களில் முதல் கேள்விக்கு 44 விழுக்காட்டிலும் இரண்டாவதுக்கு 46 விழுக்காட்டிலும் நின்றுவிட்டது.

எதிர்ப்போரே இல்லாத தேர்தல்களில் 90-க்கு மேல் வாக்குப்பதிவு காட்டிப் பழகிய கட்சிக்கு 50 விழுக்காடு என்பது ஒரு தடையாகவே தெரியவில்லை. இந்தப் பழக்கம் 18 மாதம் கழித்து மறுபடியும் காலை வாரியது. முதல் அடியிலிருந்து கட்சி ஏன் பாடம் கற்கவில்லை என்று கேட்பதற்கு முன், 1989-இன் சட்டத்தை எழுதியவர்கள் தங்களுக்கு எவ்வளவு ஆதரவு இருப்பதாக நம்பினார்கள் என்று பார்க்க வேண்டும். அதைப் பின்னால் பார்ப்போம்.

1988 வசந்தத்திலும் ஆகஸ்டிலும் இரண்டு வேலைநிறுத்த அலைகள் எழுந்தன. வெளிக்கடன் 4,000 கோடி டாலரை ஒட்டியிருந்தது, அந்த ஆண்டின் விலையேற்றம் 60 விழுக்காடு அளவில் இருந்தது. உள்துறை அமைச்சர் செஸ்வாவ் கிஷ்சாக், தடைசெய்யப்பட்ட சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தின் தலைவர் லேக் வலேசாவைச் சந்தித்துப் பேசத் தொடங்கினார். 1989 ஜனவரியில் கட்சியின் மத்தியக் குழு இதற்கு முரண்டு பிடித்தபோது யாருசெல்ஸ்கி, பிரதமர் ரகோவ்ஸ்கி, கிஷ்சாக், பாதுகாப்பு அமைச்சர் ஷிவித்ஸ்கி ஆகியோர் பதவி விலகுவதாக மிரட்டித்தான் காரியத்தைச் சாதித்தார்கள். வட்டமேசைப் பேச்சு பிப்ரவரி 6-இல் தொடங்கி ஏப்ரல் 5-இல் முடிந்தது.

ஒப்பந்தத்தின் பாகங்கள்

கீழவையான செய்மில் 460 இடங்கள். அவற்றில் 299 ஆளும் கூட்டணிக்கு ஒதுக்கப்பட்டன: கம்யூனிஸ்ட் கட்சிக்கு 173, அதன் நிழலில் இருந்த ஐக்கிய விவசாயிகள் கட்சிக்கு 76, ஜனநாயகக் கட்சிக்கு 27, மூன்று கிறித்துவ அமைப்புகளுக்குச் சேர்த்து 23. மீதி 161 இடங்களில் கட்சி சாராதவர்கள் போட்டியிடலாம், அதாவது எதிரணியும் போட்டியிடலாம். புதிதாக 100 இடங்கள் கொண்ட மேலவை. அதற்கு முழுச் சுதந்திரமான தேர்தல். 49 மாகாணங்களுக்கும் தலா 2 இடம், வார்சாவுக்கும் கட்டோவித்சேவுக்கும் 3. இரு அவைகளும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் குடியரசுத் தலைவர் பதவியும் புதிது.

மேலவை வந்த விதம் முக்கியம். கட்சிக்கு வேண்டியிருந்தது வலுவான குடியரசுத் தலைவர் பதவி. 35 விழுக்காட்டை மட்டும் பெற்றுக்கொண்டு அதற்குச் சம்மதிக்க எதிரணி தயாராக இல்லை. அப்போது கட்சித் தரப்பில் இளையவரான அலெக்சாண்டர் க்வாஷ்னியெவ்ஸ்கி மேலவைத் தேர்தலை முழுக்கத் திறந்துவிடலாம் என்று முன்வைத்தார். முட்டுக்கட்டை விலகியது. அன்றைய நிலையில் அது அசட்டுத்தனமான யோசனை அல்ல.

அடுத்து மறுப்புரிமை. மேலவை நிராகரிக்கும் சட்டத்தைக் கீழவை மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் மீண்டும் நிறைவேற்றலாம். 460-இல் மூன்றில் இரண்டு 307. கூட்டணியிடம் இருந்தது 299. எட்டு இடம் குறைவு. 65-க்குப் பதில் 67 விழுக்காடு எழுதியிருந்தால் மேலவை வெறும் அலங்காரமாகியிருக்கும். இரு தரப்பும் இந்த இடைவெளியை அறிந்தே ஒப்புக்கொண்டன. எட்டுப் பேரை எதிரணிப் பக்கத்திலிருந்து இழுத்துக்கொள்ளலாம் என்பது கட்சியின் கணக்கு.

வாக்குச்சீட்டின் அருகே

ஒதுக்கீடு செய்யப்பட்ட 299-இல் 35 இடங்கள் 'தேசியப் பட்டியல்' என்று தனியே எடுக்கப்பட்டன. பிரதமர், உள்துறை அமைச்சர், பாதுகாப்பு அமைச்சர் உட்பட ஆட்சியின் பெரிய தலைகள் அதில் இருந்தார்கள். தொகுதிக்குப் போய்ப் போட்டியிடும் சங்கடம் அவர்களுக்கு வேண்டாம் என்பதே நோக்கம். எதிர் வேட்பாளர் கிடையாது. நாடு முழுவதற்கும் ஒரே சீட்டு, அதில் 35 பெயர்கள்.

வாக்களிக்கும் முறை அடித்தல்: வேண்டாத பெயரைக் கோடிட்டு அடிக்க வேண்டும், அடிக்காமல் விட்டது ஆதரவு. பழைய ஆட்சியில் இது வசதியான முறை. சீட்டைத் தொடாமல் அப்படியே பெட்டியில் போட்டாலே ஆதரவாகிவிடும், பேனாவோடு மறைப்புக்குள் போகிறவர் தன்னைத்தானே காட்டிக்கொடுப்பார். அச்சம் போனதும் அதே முறை தலைகீழாக வேலைசெய்தது. மூலைக்கு மூலை ஒரு பெருக்கல் குறி போட்டால் போதும், முழுப் பட்டியலும் தீர்ந்தது.

இதில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. பட்டியலில் இருப்பவரும் 50 விழுக்காட்டுக்கு மேல் பெற வேண்டும். பெறாவிட்டால் என்ன செய்வது என்று சட்டத்தில் ஒரு வரி கூட இல்லை. தொகுதி இடங்களுக்கு இரண்டாம் சுற்று உண்டு, தேசியப் பட்டியலுக்கு இல்லை. போட்டியே இல்லாதபோது இரண்டாம் சுற்று எதற்கு என்பது எழுதியவர்களின் நினைப்பு.

ஜூன் 4 இரவு 35 பேரில் இருவர்தான் தேறினார்கள்: மிகோவாய் கொசாகியெவிச், ஆதாம் ஷியெலின்ஸ்கி. அவர்கள் பெயர்கள் அச்சில் பத்தியின் அடிக்கு வந்ததால் பெருக்கல் குறியின் கோடு அவற்றைத் தொடாமல் போனது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். ஆய்வுக்கட்டுரையில் சேர்க்கக் கைதுறுதுறுக்கும் விவரம்தான். ஆனால் அதற்குக் கொடுக்கும் எடையில் எச்சரிக்கை வேண்டும். மற்ற 33 பேரில் பலர் 50-ஐ நெருங்கித்தான் தோற்றார்கள், ஆகவே அச்சின் அமைப்பில் சிறு மாறுதல் இருந்திருந்தால் தேறியவர் எண்ணிக்கை கூடியிருக்கலாம். இரண்டு ஓட்டைகளும் அப்போதும் அங்கேயே இருந்திருக்கும்.

மேலவைச் சீட்டில் பெயர்கள் அகரவரிசையில், கட்சி அடையாளம் இல்லாமல் இருந்தன. மக்களுக்குத் தெரிந்த முகங்கள் தங்களிடம்தான் இருக்கின்றன, எதிரணி வேட்பாளர்கள் யாரென்றே தெரியாது, அதுவும் ஏழெட்டு வாரப் பிரசாரத்தில் என்ன செய்துவிட முடியும் என்று கட்சி நினைத்தது. சாலிடாரிட்டி இதற்கு எளிய மாற்று கண்டது. ஒவ்வொரு வேட்பாளரையும் வலேசாவுக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் படமெடுத்துச் சுவரொட்டியாக்கியது. எந்தப் பெயரை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் அடிக்க வேண்டும் என்று சின்னத் துண்டுச்சீட்டு அச்சடித்துக் கொடுத்தது. நாட்டில் 108 தொகுதிகளுக்கு 425 இடங்கள், தொகுதிக்குச் சராசரி நான்கு. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சீட்டு, அத்துடன் தேசியப் பட்டியல், மேலவை. ஒரு வாக்காளர் கையில் ஆறு தாளாவது இருக்கும். அந்தக் குழப்பத்தில் துண்டுச்சீட்டு வைத்திருந்தவருக்கு வேலை சுலபம்.

எதிரணி 161 இடத்துக்கு 161 பேரையும் மேலவையின் 100 இடத்துக்கு 100 பேரையும் மட்டும் நிறுத்தியது. ஆளும் தரப்பில் ஓர் இடத்துக்குப் பலர் நின்று ஒருவர் வாக்கை ஒருவர் பிரித்தார்கள். மேலவையில் மாகாணத்துக்கு இரண்டு இடம், வாக்காளருக்கு இரண்டு வாக்கு, பெரும்பான்மை பெற்றவருக்கு வெற்றி. இந்த முறையில் எல்லா மாகாணத்திலும் சீராக 60-க்கு மேல் வைத்திருக்கும் தரப்பு 100 இடத்தையும் வாரிக்கொள்ளும். கால் பங்கு ஆதரவு உள்ளவருக்குக் கால் பங்கு இடம் கிடைக்காது, ஒன்றும் கிடைக்காது.

முதல் சுற்றில் சாலிடாரிட்டிக்குக் கீழவையில் 160, மேலவையில் 92. ஆளும் கூட்டணிக்குத் தொகுதிகளில் ஒதுக்கப்பட்ட 264 இடங்களில் மூன்று மட்டுமே நிரம்பின. ஜூன் 18-இல் நடந்த இரண்டாம் சுற்றுக்குப் பிறகு எதிரணிக் கணக்கு 161-க்கு 161, 100-க்கு 99. வாக்குப்பதிவு முதல் சுற்றில் 62 விழுக்காடு அளவு, இரண்டாவதில் 25. எதிரணி வாக்காளருக்கு இரண்டாம் சுற்றில் பெரிதாக வேலையில்லை, ஆளும் தரப்பு ஆதரவாளருக்கோ மனமில்லை.

காலியான 33 இடங்கள்

தேசியப் பட்டியலில் விழுந்த 33 இடங்களை அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். கூட்டுக் கூட்டத்தின் மொத்தம் 560-லிருந்து 527 ஆகும். ஆளும் கூட்டணி 266. பெரும்பான்மைக்கு 264. ஜூலை 19-இல் கூட்டணிக்குள்ளிருந்தே சிலர் எதிர்த்து வாக்களித்தார்கள் என்பதை இதனோடு சேர்த்தால், யாருசெல்ஸ்கி தேர்வாக வழியே இல்லை.

அந்த இடங்களைத் தொகுதிகளுக்கு மாற்றி இரண்டாம் சுற்றில் நிரப்பும்படி ஜூன் 12 அன்று அரசு மன்றம் (நாட்டின் கூட்டுத் தலைமை அமைப்பு) ஆணை பிறப்பித்தது. ஒரு தேர்தலின் இரு சுற்றுகளுக்கு நடுவே தேர்தல் விதியே மாறியது. சட்டப்படி இது கோணலான ஏற்பாடு. சாலிடாரிட்டித் தலைமை இதற்குச் சம்மதித்தது, பின்னர் அதற்காக ஆதரவாளர்களிடம் வசவும் வாங்கியது. ஏன் சம்மதித்தது என்பதற்கு நாட்காட்டியில் ஒரு குறிப்பு இருக்கிறது: பெய்ஜிங்கில் தியானன்மென் சதுக்கத்துப் படுகொலை நடந்ததும் அதே ஜூன் 4. இராணுவமும் காவல்துறையும் யார் கையில் இருக்கின்றன என்பதை மறக்கும் நிலையில் யாரும் இல்லை.

76 + 27

கணக்கின் பெரிய பிழை அடித்தல் முறையிலோ மேலவையிலோ இல்லை. 299 என்ற எண்ணை ஒரே பொருளாகக் கருதியதில்தான் இருந்தது. நாற்பதாண்டுக் காலம் விவசாயிகள் கட்சியும் ஜனநாயகக் கட்சியும் தனித்து ஒரு முடிவும் எடுத்ததில்லை. அவற்றின் 103 இடங்களும் கூட்டணித் தலைமையின் சட்டைப் பையில் இருப்பதாகவே எல்லோரும் எண்ணினார்கள், எதிரணியும் உட்பட. ஆனால் தலைமைக்கு அடங்கி நடப்பதில் லாபம் இருக்கும்வரைதான் நிழல் கட்சி நிழலாக இருக்கும். ஜூன் 4-க்குப் பிறகு அந்த லாபம் எதிர்ப்பக்கம் மாறியது. அடுத்த தேர்தல் சுதந்திரமாக நடக்கும் என்று தெரிந்ததும், மூழ்கும் கப்பலோடு சேர்ந்து மூழ்க அவர்களுக்குக் காரணம் இல்லை.

ஜூலை 3 அன்று எதிரணியின் கசெட்டா விபோர்ச்சா நாளிதழில் அதன் ஆசிரியர் ஆதாம் மிக்னிக் 'உங்கள் குடியரசுத் தலைவர், எங்கள் பிரதமர்' என்று எழுதினார். ஆகஸ்ட் 2 அன்று கிஷ்சாக் பிரதமராகத் தேர்வானார், ஆனால் அமைச்சரவை அமைக்க ஆள் சேரவில்லை. ஆகஸ்ட் 7 அன்று வலேசா இரண்டு நிழல் கட்சிகளுக்கும் வெளிப்படையாக அழைப்பு விடுத்தார். 161 + 76 + 27 = 264. பெரும்பான்மைக்கு வேண்டியது 231. கம்யூனிஸ்ட் கட்சிக்கு 173-உடன் கிறித்துவ அமைப்புகளின் 23-ஐச் சேர்த்தாலும் 196. ஆகஸ்ட் 24 அன்று சாலிடாரிட்டியின் ததேயுஷ் மசோவியெத்ஸ்கி 378 வாக்குகளுடன் பிரதமரானார். எதிர்த்தவர்கள் 4 பேர், நடுநிலை 41. உள்துறையும் பாதுகாப்பும் கட்சியிடமே இருந்தன. 1990 ஜனவரி இறுதியில் கட்சி தன்னையே கலைத்துக்கொண்டது.

போட்டி விளக்கங்களை எப்படிச் சோதிப்பது

கோர்பச்சேவ் இல்லாமல் இது நடந்திருக்காது என்ற கூற்று முதல் சோதனையில் தேறுகிறது. 1988 டிசம்பரில் ஐ.நா.வில் அவர் படைக்குறைப்பை அறிவித்தார், தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லா நாட்டுக்கும் உண்டு என்றார். சோவியத் படை வராது என்பது அவசியமான நிபந்தனை. ஆனால் அது கிழக்கு ஐரோப்பா முழுவதற்கும் பொது. போலந்து ஏன் முதலில், ஏன் இந்த வடிவில், ஏன் ஆகஸ்டில் என்ற மூன்று கேள்விக்கும் அதில் விடை இல்லை. ஒரு காரணம் அவசியமானது என்று நிறுவிவிட்டு, அதுவே போதுமானது என்பதுபோல எழுதிச் செல்வதுதான் இந்தத் துறையில் அடிக்கடி கண்ணில் படும் வழுக்கல்.

மக்கள் எழுச்சி என்ற விளக்கத்துக்கு வேறு சிக்கல். முதல் சுற்றில் வாக்களிக்க வராதவர்களே வாக்குரிமை உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். வந்தவர்களிடம் எதிரணிக்குத் தெளிவான பெரும்பான்மை இருந்தது என்பது உண்மை. ஆனால் அந்தப் பெரும்பான்மையை 100-க்கு 99 ஆக்கியது தேர்தல் முறை. மாற்றத்தக்க ஒற்றை வாக்கு (வேட்பாளர்களை விருப்ப வரிசையில் எண்ணிடுவது) போன்ற, ஆதரவின் அளவுக்கேற்ப இடம் தரும் விகிதாசார முறையில் மேலவை அமைந்திருந்தால் கட்சிக்குக் கணிசமான இடங்கள் கிடைத்திருக்கும் என்று மாரெக் கமின்ஸ்கி என்ற அரசியல் அறிவியலாளர் முறைப்படி கணக்கிட்டு வாதிட்டிருக்கிறார். 'இப்படி நடந்திருந்தால்' என்ற கேள்விக்கு அது நல்ல முன்மாதிரி: ஒரே ஒரு விதியை மாற்றி, வாக்காளர் விருப்பத்தை அப்படியே வைத்து, முடிவை மீண்டும் எண்ணுவது. இரண்டு மூன்று விதிகளைச் சேர்த்து மாற்றினால் எது எதைச் செய்தது என்று பிரிக்க முடியாது.

இனி நம்பிக்கைக் கணக்கு. கட்சித் தலைமை தன் ஆதரவை மிகையாக மதித்தது. கருத்துக்கணிப்புகள் அதன் கையில் இருந்தன, ஆனால் கணிப்பை நடத்தியதும் அரசு நிறுவனம்தான். அரசு ஆள் வாசலில் நின்று கேட்கும்போது 'இன்னும் முடிவு செய்யவில்லை' என்பது பாதுகாப்பான பதில். அந்தத் தயங்குபவர்களைத் தலைமை நடுநிலையாளர் என்று படித்தது. கூட்டக் குறிப்புகளைப் பார்த்தால், ஜூன் 5 அன்று கூடிய கட்சிச் செயலகத்தில் தெரிவது கோபத்தை விட அதிர்ச்சி. தோல்வியை எதிர்பார்த்தே இறங்கியவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். 'தெரிந்தே விட்டுக்கொடுத்தார்கள்' என்ற பிற்காலக் கூற்றை இந்த ஒரு சான்று பலமாக அடிக்கிறது. இருபதாண்டு கழித்து எடுத்த நேர்காணல்களை முதன்மைச் சான்றாக வைத்தால் கதை எதிர்ப்பக்கம் திரும்பிவிடும், ஏனென்றால் தோற்றவருக்குத் தொலைநோக்காளர் வேடம் பின்னால்தான் அமைகிறது.

ஆகவே காலக்கோடு தயாரிக்கும்போது நாள், முடிவெடுத்தவர் என்ற இரண்டு பத்திகள் போதாது. அன்று அவருக்குத் தெரிந்திருந்தது என்ன, அவர் முன் இருந்த மாற்று வழிகள் என்ன, சான்று அன்றே எழுதப்பட்டதா பின்னால் சொல்லப்பட்டதா என்ற மூன்றையும் சேர்க்க வேண்டும். இந்தக் கடைசிப் பத்தியில் 'பின்னால்' என்று தொடர்ந்து வந்தால் அந்த இடத்தில் வாதம் பலவீனம்.

மாற்றம் நடந்த தேதியையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஏப்ரல் 5 என்றால் உடன்படிக்கையால் வந்த மாற்றம். ஜூன் 4 என்றால் தேர்தலால். ஆகஸ்ட் 24 என்றால் கூட்டணி முறிவால். முதல் முழுச் சுதந்திரத் தேர்தலான 1991 அக்டோபர் 27 என்றால் படிப்படியான மாற்றம். ஒரே நாடு, நான்கு தேதி, நான்கு காரணம். பல நாடுகளை ஒப்பிடும் தரவுத்தொகுப்பில் இந்தத் தேர்வு ஒற்றை எண்ணுக்குள் புதைந்துபோகிறது.

ஒப்பீட்டில் இன்னொரு கவனம். ஹங்கேரியின் வட்டமேசை ஜூன் 1989-இல் தொடங்கியது. அங்கே ஒதுக்கீட்டு இடம் என்ற பேச்சு தேறவில்லை, 1990 வசந்தத்தில் நேரே சுதந்திரத் தேர்தல். ஹங்கேரி எதிரணி பலமானது, போலந்து எதிரணி பலவீனமானது என்று இதைப் படித்தால் தவறு. ஹங்கேரியர்கள் ஜூன் 4-இன் முடிவைப் பார்த்துவிட்டுப் பேசினார்கள். ஒரு நாட்டின் முடிவு அடுத்த நாட்டின் தொடக்கப் புள்ளியாகும்போது, இரண்டையும் தனித்தனி நிகழ்வுகளாக எண்ண முடியாது.

விதி எழுதியவர்களே மாட்டிய இன்னொரு முறை

மிகையான தன்னம்பிக்கை கம்யூனிஸ்ட் கட்சியின் தனிச்சொத்து அல்ல. 1991 தேர்தலில் கீழவைக்குள் 29 கட்சிகளும் குழுக்களும் நுழைந்தன. அரசு அமைப்பதே பாடாகிவிட்டது. அதைச் சரிசெய்ய 1993 மே 28 அன்று புதிய தேர்தல் சட்டம் நிறைவேறியது: தனிக் கட்சிக்கு 5 விழுக்காடு, கூட்டணிக்கு 8 விழுக்காடு வாக்கு இருந்தால்தான் இடம். அதே நாளில் பிரதமர் ஹன்னா சுகோத்ஸ்காவின் அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் விழுந்தது, குடியரசுத் தலைவர் வலேசா அவையைக் கலைத்தார். வரம்பு வந்துவிட்டால் சிறு வலதுசாரிக் கட்சிகள் ஒன்றுசேரும் என்று எதிர்பார்க்கப்பட்டது. செப்டம்பர் 19 தேர்தலுக்கு அவை தனித்தனியாகவே போய் வரம்புக்குக் கீழே விழுந்தன. பதிவான வாக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஓர் இடத்தையும் தரவில்லை. பழைய கம்யூனிஸ்ட் கட்சியின் வாரிசும் பழைய விவசாயிகள் கட்சியின் வாரிசும் 20.4, 15.4 என்று வாக்குப் பெற்று 171, 132 இடங்களைப் பிடித்தன. இரண்டும் சேர்ந்து 303. அதை 460-ஆல் வகுத்தால் 65.9 விழுக்காடு, இம்முறை ஒதுக்கீடு எதுவும் இல்லாமல்.